மச்சினனுக்கு அமையாத வீடு

எனக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்காது. உனக்கே தெரியும். நீ வேலை முடிந்து வருவதற்குள் எனக்குப் பசி வந்துவிடும். உன் தம்பி தன் மனைவி, குழந்தையோடு இங்கே வந்து தங்கிய பிறகுதான் எதிரே ஓர் ஆள் கிடைத்தான். தட்டைப் பார்க்காமல் கதை சொல்லிக்கொண்டே சாப்பிடுவான். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறும்.

பிறகு அவன் வாடகைக்கு வீடு தேடத் தொடங்கினான்.

நான் ஆபீஸில் நெட்வொர்க் பார்ப்பவன். கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். நாம் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டினால், இதற்கு என்ன எண் என்று அது ஒரு பெட்டியைக் கேட்கும். பெட்டி சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும். நம் வீட்டில் அந்தப் பெட்டி, அதுதான் வைஃபை பெட்டி, என் கையில். இந்தக் கீழ்த்தளத்தில் போன் சிக்னலும் எட்டாது. அவன் வாடகை வீடு தேடும் இணையதளத்தின் பெயருக்கு என் பழைய கம்ப்யூட்டரின் எண்ணைக் கொடுத்தேன். அதில் அச்சு அசலாக அதே மாதிரி ஒரு பக்கம் செய்து வைத்தேன். நல்ல நல்ல வீடுகள். எல்லாவற்றின் மேலும் 'போய்விட்டது'.

"அத்தான், செவப்பா ஏதோ எச்சரிக்கை காட்டுதே?"

"அது அப்படித்தான் மாப்ளே. ஓகே குடு, போகும்."

கொடுத்தான். நல்ல பிள்ளை.

"நமக்கு ராசியே இல்ல அத்தான்" என்று அவன் கண்கலங்கியபோது முதுகைத் தடவிக்கொடுத்தது நான்தான். வெளியூரில் வேலை தேடினான். அந்த வேலைத் தளத்தையும் அதேபோல் கவனித்துக்கொண்டேன். "மச்சினனை யாரு இப்படித் தாங்குவாங்க" என்று உன் சொந்தக்காரர்கள் புகழ்ந்தார்கள். பெரியவர்கள் சொல்லும்போது மறுத்துப் பேசக் கூடாது.

அவன் மனைவிக்குத்தான் பொறுமை இல்லை. "ஒரு வீடு பாக்கத் துப்பில்ல" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்று நீ அடுத்த தெருவில் வாடகைப் பலகையைப் பார்த்துவிட்டு வந்து, "போயிடுச்சுன்னு காட்டின வீடு எப்படிங்க காலியா கெடக்கு?" என்று கேட்டாய். கேட்டதும் சொல்லிவிட்டேன். உன்னிடம் நான் எதை மறைத்திருக்கிறேன்?

இன்னொன்றும் இருக்கிறது. அவன் மனைவி அவனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருப்பாள். அவன் போனில் உள்ள செய்திச் செயலி தன் தளத்துக்கு எண் கேட்டால் நம் பெட்டி வாயைத் திறக்காது; ஒரு செய்தியும் அவனை எட்டாது. தன்னை அவள் அடியோடு வெறுத்துவிட்டதாக நினைத்து அவன் வாசலைக்கூடத் தாண்டுவதில்லை. ஆறுதலுக்கு என்னைத் தவிர யாருமில்லை.

இந்த நிலைமையில் போய் அவனை அனுப்பிவைக்கச் சொல்கிறாய். கூடப் பிறந்தவள் பேசுகிற பேச்சா இது?