பின் அறைக்குப் போற வயர்

ஃபோனை எல்லாம் கவுத்து வைங்க. கரண்டு வரும் வரும்னு பார்த்துக் கண்ணு பூத்துப் போனதுதான் மிச்சம். மெழுகுவத்திய நடுவுல தள்ளு. செல்வா, கதவ இழுத்துச் சாத்து... காத்துல இது அணைஞ்சா நீதான் முதல்ல கத்துவ.

இது நம்ம டயர் கடை லியாங் இருக்கான்ல, அவன் சித்தப்பா மகனுக்கு நடந்தது. பேரு பூன் கியாட். வீடு வீடாப் போய் இன்டர்நெட் வயர் இழுக்கிற தொழில். லியாங் செத்துப்போன அவன் அம்மா மேல சத்தியம் பண்ணித்தான் எங்கிட்ட சொன்னான். நம்பாதவன் இப்பவே போய்ப் படுத்துக்கலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன்.

சாயங்காலம் ஏழு மணி. பாலேக் பூலாவ் மலைப் பாதை. மழை விட்டும் விடாம... ரெண்டு பக்கமும் டுரியான் தோட்டம், விழுந்து அழுகின பழத்து வாடை. முன்னாடியும் வண்டி இல்ல, பின்னாடியும் வண்டி இல்ல. வேனுக்குள்ள கேபிள் சுருள் உருளுற சத்தம் மட்டும்... கடக்... கடக். பூன் கியாட் அவன் அத்தான் வீட்டுக்குப் போய்க்கிட்டிருக்கான். அக்கா செத்ததுக்கப்புறம் அந்த வாசல அவன் மிதிச்சதே இல்ல.

அக்கா பேரு சியூ யென். அம்மா இல்லாத வீட்டுல இவன இடுப்புல தூக்கி வளர்த்தவ. ஆஸ்துமாக்காரி. அவ கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனப்ப, வைஃபை எங்க வைக்கணும், வயர் எந்த வழியாப் போகணும்னு எல்லாத்தையும் திட்டம் போட்டவன் இவன்தான். பின் அறை மட்டும் ஒத்து வரல. பழைய காலத்துச் செங்கல் சுவரு, அவ்வளவு தடிமன். வைஃபை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. மலைங்கறதால மொபைல் சிக்னலும் கிடையாது. ஆனா அக்காவோட தையல் மிஷின் அங்கதான் இருந்துச்சு. அதனால சீலிங்குக்கு மேலால அந்த அறைக்குன்னு தனியா ஒரு வயர் இழுத்து, முனையில ஒரு குட்டி வைஃபை பெட்டி வச்சுக் கொடுத்தான். அந்த முனையில நின்னு வயர வாங்கினவளே அக்காதான். வயர் வந்து சேர்ந்ததும் லேசா ஒரு இழு இழுப்பா. வந்துடுச்சுன்னு அர்த்தம்.

"மூச்சு இழுத்துச்சுன்னா யாரையும் தேடாதக்கா. எனக்கு ஃபோன் அடி. நான் வந்துடுவேன்."

அவ அடிக்கல.

விடிஞ்சு பார்த்தா அக்கா பின் அறையில செத்துக் கிடந்தாள்னு அத்தான்தான் சொன்னாரு. கிம் ஹோக்னு பேரு, நல்லா அழுதாரு. எல்லாரும் அழுதுட்டுப் போயிட்டாங்க. பூன் கியாட்டுக்கு மட்டும் ஒரே கேள்வி... அக்கா ஏன் அடிக்கல? நான் போட்ட லைன்தான் கோளாறா? என் வேலைதான் அவளக் கொன்னுடுச்சா? அந்தக் கேள்வியிலயே ஆளு பாதியாப் போயிட்டான்.

அந்த வருசம் சீனக் காலண்டருக்கு ஏழாம் மாசம் வந்துச்சு. செத்தவங்களுக்குக் கதவத் தொறந்து விடுற மாசம், உங்களுக்குத் தெரியாததா. செத்தவங்களுக்கு எரிக்கிற காகிதச் சாமான் விக்கிற கடைக்குப் போய் அக்காவுக்கு ஒரு காகித ஃபோனும் ஒரு காகித ரவுட்டரும் வாங்கினான். சிரிக்காத சாந்தி, நீ பார்த்ததில்லையா, இப்ப காரே விக்கிறான். பொட்டலத்து மேல செத்தவங்க பேரும் அவங்க சாம்பல் இருக்கிற இடமும் எழுதித்தான் எரிக்கணும். இவன் தொழில் புத்தி விடுமா... அக்கா பேரு, கீழ மலை வீட்டு விலாசம், அதுக்கும் கீழ அந்த வீட்டு வைஃபையோட பாஸ்வேர்டு. எரிச்சும் முடிச்சுட்டான். அப்புறம்தான் கடைக்கார அம்மா என்ன எழுதினன்னு கேட்டுத் தலையில அடிச்சுக்கிட்டா.

"அறிவு கெட்டவனே. சாம்பல் மண்டபத்த எழுதுற இடத்துல வீட்டையா எழுதுவ? இனி அவ அங்கதான்டா போய் நிப்பா."

கொஞ்ச நாள்ல அத்தான் கூப்பிட்டாரு. என் வைஃபைய எவனோ திருடுறான், பாஸ்வேர்டு மாத்தினாலும் உள்ள வந்துடுறான், சுத்தி ஒரு வீடு கிடையாதே, எவன்டா அவன்னு ஒரே எரிச்சல். வைஃபையே வேணாம், வீடு பூரா வயர் போட்டுக் கொடுன்னாரு. ஏழாம் மாசம் முடிஞ்சதும் அவருக்குக் கல்யாணமாம். பொண்ணு ஈப்போ ஊர்க்காரி. அக்கா போய் வருசம்கூடத் திரும்பல. இவன் பல்லக் கடிச்சுக்கிட்டு வரேன்னான்.

வந்துட்டான். ஹால்ல நின்னு, இந்த வீட்டு லைன்ல யார் யாரு சேர்ந்திருக்காங்கன்னு ஃபோன்ல தொறந்து பார்த்தான். டிவி. அத்தானோட ஃபோன். அதுக்குக் கீழ...

அக்காவோட முழுப் பேரு. அதுக்குக் கீழ அந்த வீட்டு விலாசம். பொட்டலத்துல அவன் எழுதினது எழுத்து மாறாம அப்படியே.

வீட்டுல ஒரு ஊதுபத்திகூட ஏத்தல... ஆனா காகிதம் கருகுற வாடை. பின் அறைப் பக்கம் இருந்துதான் வருது. அந்தக் கதவுல வெளிய பூட்டு, பூட்ட மறைச்சு ஒரு பீரோ. அத்தான் அதத் திரும்பிக்கூடப் பார்க்காம, அந்த ரூம விட்டுட்டுத் திட்டம் போடுன்னாரு.

ஏணி வச்சு சீலிங்குக்கு மேல ஏறினான். ஒரே புழுக்கம், எலிப் புழுக்கை நாத்தம். டார்ச் அடிச்சு, பின் அறைக்குப் போற தன்னோட வயரத் தொட்டுக்கிட்டே தவழ்ந்தான். பாதி தூரத்துல கை வெறுமையாச்சு.

வயர் வெட்டியிருந்துச்சு. எலி கடிச்சா பிசிறு பிசிறா நிக்கும். இது கட்டிங் பிளையர் வச்சு ஒரே வெட்டு. ரெண்டு முனையும் டேப் சுத்தி, கண்ணுல படாதபடி பலகைக்கு அடியில சொருகியிருந்துச்சு.

அங்கயே படுத்தபடி கீழ குரல் கொடுத்தான். "அத்தான்... பின் ரூம் பூட்டு எப்பப் போட்டது?"

"அது அப்பவே போட்டதுடா. ராத்திரியானா உங்கக்கா தம்பி வீட்டுக்குப் போறேன்னு உயிர எடுப்பா. பூட்டிப் போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

ஏதோ கோழிக்கூடு பூட்டின மாதிரி சொன்னாரு பாவி.

அக்கா அடிச்சிருக்கா. பூட்டின ரூமுக்குள்ள, மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு, தம்பி நம்பர அடிச்சு அடிச்சுப் பார்த்திருக்கா. இருட்டுல வாயப் பொத்திக்கிட்டு அழுதான் பூன் கியாட். அழுது முடிச்சப்ப அவனுக்குள்ள ஒன்னே ஒன்னுதான் மிஞ்சியிருந்துச்சு. இந்த ஆளு நல்லா இருக்கக் கூடாது.

பின் அறைப் பக்கத்து முனைய எடுத்து டேப்ப உரிச்சான். அப்போ... அந்தப் பக்கம் இருந்து வயர யாரோ இழுத்தாங்க.

லேசா. ஒரே ஒரு இழு.

ரெண்டு முனையையும் சீவி, கம்பிக்குக் கம்பி நிறம் பார்த்துச் சேர்த்து முறுக்கினான். எறங்கி வந்து, அந்த வயரோட இந்தப் பக்கத்து முனைய ஹால்ல இருந்த பெட்டியில சொருகினான். பச்சை விளக்கு மினுக்கு மினுக்குன்னு எரிய ஆரம்பிச்சுது.

"எல்லாம் ஆச்சா?" அத்தான் கேட்டாரு.

"ஆச்சு அத்தான். ஒரு ரூம்கூட விடல."

வேன எடுத்துட்டான். சிக்னலே கிடைக்காத அந்த மலை வளைவுல ஃபோன் அடிச்சுது. அத்தான். வண்டிய ஓரம் கட்டினான். அடிச்சு நின்னுச்சு... மறுபடி அடிச்சுது... நின்னுச்சு... மறுபடி. மடியில வச்சுப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தான். எடுக்கல. தானா அடங்குற வரைக்கும் எடுக்கல.

மறுநாள் போலீஸ் பீரோவ நகர்த்தி, வெளிப்பூட்ட உடைச்சுத்தான் பின் அறைக்குள்ள போச்சு. அத்தான் கதவோரமா உள்ள கிடந்தாரு. மூச்சு முட்டிச் செத்தாருன்னாங்க. அவருக்கு ஆஸ்துமாவும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பூட்டின கதவத் தாண்டி எப்படி உள்ள போனாருன்னு இன்னிக்கு வரைக்கும் எவனும் சொல்லல. கையில ஃபோன் இருந்துச்சு. விரலெல்லாம் கருகின காகிதச் சாம்பல்.

இப்ப அந்த வீடு பூட்டிக் கிடக்குது. கரண்டையும் வெட்டிட்டாங்க. போன மாசம் பூன் கியாட் அந்த வழியாப் போயிருக்கான். வேலையா போனான்னு லியாங் சொல்றான், நான் நம்பல. பார்க்கத்தான் போயிருப்பான். வீட்டு கேட் கிட்ட வந்ததும் அவன் ஃபோன் தானா அந்த வீட்டு வைஃபையில சேர்ந்துக்கிச்சு. தொறந்து பார்த்தான். உள்ள அக்கா பேரு இருந்துச்சு.

அதுக்குக் கீழ, வெளிய நின்னு இன்னொரு ஃபோன் உள்ள விடச் சொல்லிக் கேட்டுக்கிட்டிருந்துச்சு. கிம் ஹோக்... அத்தான். பாஸ்வேர்டு தப்பு. மறுபடியும்... பாஸ்வேர்டு தப்பு. மறுபடியும்...