உன் அக்கா ஊறவைத்த நூடுல்ஸ்

பாட் தாய் என்கிற தாய்லாந்துப் பண்டத்தைச் செய்கிறவர்கள் பலரும் கோட்டை விடுவது அரிசி நூடுல்ஸை ஊறவைப்பதில்தான். பச்சைத் தண்ணீரில் ஊற வேண்டும். வளைத்தால் வளைய வேண்டும், கடித்தால் கொஞ்சம் விறைப்பு வேண்டும். மீதியை வாணலி பார்த்துக்கொள்ளும். கொதிநீரை ஊற்றினால் களிதான்.

உன் அக்கா சரியாகத்தான் ஊறவைத்தாள். கொதிநீரை ஊற்றியது நான். அதை நீ பார்த்துவிட்டாய். "ஏன் மாமா?" என்று இப்போது கேட்கிறாய். மச்சினியிடம் மறைக்க என்ன இருக்கிறது? உட்காரும்மா, சொல்கிறேன்.

இந்த வீட்டில் சமையல் என் ராஜ்ஜியம். திடீரென்று உன் அக்கா, ஆபீஸ் தோழிகளுக்குத் தானே பாட் தாய் செய்து போடப்போவதாகச் சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையும் பார்த்தாள். புளி, வெல்லம், மீன் சாஸ் மூன்றும் ஒன்றையொன்று மிஞ்சாமல் அப்படியொரு ருசி. நான் செய்வதைவிட நன்றாக இருந்தது. மனம்விட்டுப் பாராட்டத்தான் வாயெடுத்தேன். "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா" என்று வந்துவிட்டது. பாவம், நம்பிவிட்டாள்.

இன்று அவள் உடை மாற்றப் போன நேரத்தில் தண்ணீரை மாற்றினேன். திரும்பி வந்து பாத்திரத்தில் கைவிட்டவள் அப்படியே நின்றாள்.

"பச்சத் தண்ணிதானே ஊத்தினேன்?"

"பதட்டத்துல மறந்திருப்பம்மா. பரவாயில்ல, நகரு."

நல்லவேளை, துணி துவைக்கிற இடத்தில் இன்னொரு பாக்கெட்டை முன்பே ஊறப்போட்டிருந்தேன். முட்டையை உடைத்து ஊற்றி, முளைப்பயறு போட்டு ஒரு புரட்டு, மேலே வேர்க்கடலைப் பொடி. தோழிகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். நீ கொடுத்து வைத்தவள் என்று அவளிடம் மாறி மாறிச் சொன்னார்கள். அவளும் சிரித்தாள், நீயே பார்த்தாய்.

கார் விஷயமும் இப்படித்தான். நன்றாகவே ஓட்டினாள். பின்கதவைத் தூணில் உரசியது நான், அவள் உரசியதாகச் சொன்னேன். அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. எங்கே போகவேண்டுமென்றாலும் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். ஒருநாளாவது முகம் சுளித்திருப்பேனா?

இப்போதெல்லாம் ஆபீஸிலும் எதையோ மறந்துவிடுகிறோமோ என்று பயப்படுகிறாள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் நிம்மதியாக இரு என்றேன். அடுத்த வாரம் எழுதிக் கொடுக்கப் போகிறாள்.

அவளுக்கு என்னிடத்தில் என்ன குறை? வேண்டுமானால் அவளையே கேட்டுப் பார். நான் பக்கத்தில் இருக்கும்போது கேள். தனியாகக் கேட்டால் பாவம், என்ன சொல்வதென்று தெரியாமல் குழம்பிவிடுவாள்.