எதிராளியைப் பாராட்டி ஒரு பொறாமைக்காரன் பேசியது

பேச்சு தொடங்கும் முன்பே எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்க்கும் எங்கள் சங்கத் தலைவர் ஃபூன் ஐயா அவர்களே! முறிந்ததை மூட்டி, பிசகியதைப் பிடித்து, ஊர் நடக்க உழைத்த மூத்த வைத்தியப் பெருமக்களே! பிள்ளை வீங்கிய காலோடு வீடு திரும்பினால் முதலில் திட்டித் தீர்த்து, பிறகு கண் கலங்கத் தடவிவிடும் தாய்மார்களே! துடுப்புப் பிடித்துத் தோள் தேய்ந்தவர்களே, சிங்க நடனத்தில் சிங்கத்தலை சுமந்து கழுத்துச் சுளுக்கியவர்களே, பந்தை உதைத்து முட்டி பெயர்ந்தவர்களே, ஃபோஷான் நகரத்து வைத்தியர்களுக்கெல்லாம் படியளக்கும் பெருந்தகைகளே! அனைவருக்கும் இந்த மக் வை லுன்னின் பொறாமை கலந்த வணக்கம்.

என்ன கேட்கிறீர்கள்? ஏன் நொண்டுகிறேனா? செருப்பு புதிது, ஐயா. அதை விடுங்கள்.

விளையாட்டில் அடிபட்டவர்களுக்கு மூலிகை வைத்தியம் பார்க்கக் கற்றுத்தரும் பயிற்சி வகுப்பு ஒன்றை நம் சங்கம் தொடங்குகிறது. ஆசிரியர் இடம் ஒன்று, நிற்பவர்கள் இருவர். ஒருவன் நான். மற்றவள், அதோ, ஒன்றும் தெரியாதவளைப் போல உட்கார்ந்து தர்பூசணி விதை கொறிக்கிறாளே, தாம் லாய் கியூன்! நம் சங்கத்தின் வழக்கமோ உங்களுக்குத் தெரியும். போட்டிக்கு நிற்பவர் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது; எதிரே நிற்பவரின் பெருமையைத்தான் பேச வேண்டும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்த முன்னோர் எவரோ, மனிதனின் வயிற்றெரிச்சலையே மருந்தாக அரைத்துக் குடித்தவராக இருக்க வேண்டும்!

சற்று முன் அவள் என்னைப் பற்றிப் பேசினாள். நான் காய்ச்சும் மருந்துச் சாராயத்தைப் பற்றிப் பேசினாள். தடவுகிற சாராயம், பின்வரிசையில் சிரிக்க வேண்டாம். அவள் பேசி முடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. வந்த கையோடு பொறாமையும் வந்தது. என்னைப் புகழ்வதில்கூட என்னை முந்திவிட்டாளே!

அன்பர்களே, நான் யார்? என் தாத்தா வைத்தியர். என் அப்பா வைத்தியர். பிறந்த குழந்தைக்குப் பால் வாசனை தெரியும் என்பார்கள். எனக்கு மருந்தில் போடும் குசும்பாப்பூ வாசனை தெரிந்தது. அவள் யார்? கைப்பந்து ஆடி முட்டியை உடைத்துக்கொண்டு எங்கள் ஆசான் ஹோவிடம் வைத்தியத்துக்கு வந்தவள். முட்டி ஆறியது. ஆள் போகவில்லை! "எப்படி ஆறுச்சுன்னு தெரியாம போக மாட்டேன்" என்று சட்டமாக உட்கார்ந்துவிட்டாள்.

அன்று பிடித்தது எனக்குச் சனி. வந்தவர்கள் எல்லாரும் அவளையே தேடினார்கள். "இங்க அமுக்கினா வலிக்குதா?" என்று நான் கேட்பேன். அவளோ, "படி ஏறும்போது வலிக்காது, இறங்கும்போதுதானே உயிர் போகுது?" என்பாள். வந்தவன் கண்ணில் தண்ணீர் நிற்கும். எந்த ஏட்டில் படித்தாள் அதை? தன் முட்டியில் படித்தாள்! ஐயா, மற்றவர்கள் அடுத்தவன் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், வண்டியைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். உடைந்த முட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான்!

இன்னொன்று கேளுங்கள். விரலால் எலும்பைப் பார்க்கப் பழகுவதற்கு எங்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. பீங்கான் கரண்டியை உடைத்துத் துணிப்பையில் போட்டுக் கட்டிவிடுவார்கள். பையைத் திறக்காமல், மேலே தடவித் தடவியே துண்டுகளைச் சேர்த்துக் கரண்டியாக்க வேண்டும். "முடிஞ்சது!" என்று நான் முதலில் கத்தினேன். தேநீர் ஆறியது, அவள் தடவிக்கொண்டே இருந்தாள். "என்ன தங்கச்சி, கரண்டிக்குக் கால் முளைக்கட்டும்னு காத்திருக்கியா?" என்று சீண்டினேன். அவள் தலை நிமிரவில்லை. "ஆசானே, இதுல ஒரு சில்லு குறையுது" என்றாள். ஆசான் சிரித்தபடி தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சில்லை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு இன்னொரு சில்லையும் எடுத்தார். அது என் கரண்டியுடையது.

ஆமாம் அம்மா, நன்றாகச் சிரியுங்கள். அன்று ஆசான் வீட்டுச் சமையல்காரியும் இப்படித்தான் சிரித்தாள்.

இப்போது அந்தச் செருப்புக்கு வருகிறேன்.

போன வாரம் நாகப்படகுப் பந்தயப் பயிற்சியைப் பார்க்கத் துறைக்குப் போனேன். பாசியில் கால் வைத்தேன், கணுக்கால் மடங்கியது. வீட்டுக்கு வந்து என்ன செய்திருக்க வேண்டும்? புதிய வீக்கத்தைக் குளிர்ச்சியான பற்றுப் போட்டு அடக்க வேண்டும். வற்றிய பிறகே சூட்டுச் சாராயத்தைத் தொட வேண்டும். வகுப்பில் சேரும் முதல் மாதத்துப் பிள்ளைக்குத் தெரியும் இது. ஆனால் என் ஜாடி, ஆண்டுக்கணக்கில் ஊறிய ஜாடி, என் பெருமை, கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே! எடுத்தேன், ஊற்றினேன், தேய்த்தேன். என் மருந்தைவிட எந்த விதி பெரியது என்று தேய்த்தேன்! கால் பன்ரொட்டி மாதிரி உப்பியது.

பிறகு எங்கே போனேன்? சொல்லுங்கள், எங்கே போயிருப்பேன்? ஊரில் வைத்தியருக்கா பஞ்சம்? சந்து சந்தாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, யாரைப் பார்த்தாலே வயிறு எரியுமோ அவள் வாசலில் போய் நின்றேன்!

காலை மோந்து பார்த்தாள். "யாரு அண்ணே இதுமேல சூட்டு மருந்தத் தேய்ச்சது?"

"ஒரு மடையன்."

"மடையன் நல்லா காய்ச்சியிருக்கான். மருந்து முதல் தரம். வீக்கம் வத்தறவரைக்கும் பொறுக்கத்தான் தெரியல."

சூடு தணிக்கும் ரேவல்சின்னி வேர்ப்பொடியை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பற்றுப் போட்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "லாய் கியூன்... கூட்டத்துல இத..."

"எத அண்ணே?" என்றாள். "காலத் தூக்கி வெச்சு உக்காருங்க. நாளைக்கு வந்து கட்டு மாத்திக்கிட்டுப் போங்க."

பெரியோர்களே! சற்று முன் இதே ஒலிபெருக்கியின் முன்னால் நின்றாளே, அவளிடம் இந்தக் கதை இருந்தது. ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்; வகுப்பு அவளுடையது, நான் ஊர்ச் சிரிப்பு. சொன்னாளா? மருந்தைச் சொன்னாள். மடையனைச் சொல்லவில்லை. அதைக் கேட்டபடி அந்த நாற்காலியில் நான் வெந்தேன். முட்டிக்குப் பொறாமைப்பட்டேன், விரலுக்குப் பொறாமைப்பட்டேன்; இந்த மனசுக்கும் பொறாமைப்பட வைத்துவிட்டாளே பாவி!

ஃபூன் ஐயா, இதோ கால்சட்டையைத் தூக்குகிறேன், பாருங்கள். முடிச்சை உட்பக்கமாகப் போட்ட இந்தக் கட்டு யாருடையது என்று இந்த மண்டபத்தில் தெரியாதவர் உண்டா? பொறாமை தீர்ந்ததா என்று கேட்டால், தீரவில்லை, தீரவும் தீராது. என் வாய் இன்றைக்கும் அவளை ஏசும், நாளைக்கும் ஏசும். ஆனால் வலித்தபோது என் கால் அவளிடம்தான் போனது. என் வாக்கை என் கால் போட்டுவிட்டது. வகுப்பை அவளிடமே கொடுங்கள்!

போதும் கைதட்டல், அவள் கெட்டுப்போவாள். பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், பொறுக்காமல் சிரித்த தாய்மார்க்கும், இனி அடிபட்டு வரப்போகும் அத்தனை பேருக்கும் என் நன்றி. வணக்கம்.

படி இறங்க யாராவது ஒரு கை கொடுங்கள். ஏய், நீ ஏன் எழுந்து வருகிறாய்? உட்கார், லாய் கியூன்! எனக்கு வேறு ஆளே இல்லையா? ...சரி, வந்து தொலை. மெல்லப் பிடி.