புத்தகத்தில் கிறுக்கியவருக்கு ஒரு கும்பிடு

மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடிய காலம். தாம்பரத்தில் ஏறிய இரண்டு கல்லூரிப் பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். கண்ணாடி போட்டவள் மடியில் பழைய வரலாற்றுப் புத்தகம் ஒன்று இருந்தது.

“இந்தப் புக்குல கிறுக்கி வெச்சவங்க யாருன்னு தெரிஞ்சா, கால்ல விழுந்து கும்பிடுவேன்டி.”

புத்தகத்தில் கிறுக்குகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதனாலேயே காதைக் கொடுத்தேன்.

“லூசா நீ?” என்றாள் கனகாம்பரம் வைத்திருந்த தோழி.

“பழைய புக்கு கடையில வாங்கினேன். ஓரமெல்லாம் பென்சில்ல கேள்வி. ‘யார் சொன்னது?’, ‘என்ன ஆதாரம்?’ இங்க பாரு, ‘மேலே கண்டபடி’ன்னு இருக்கா, பக்கத்துல ‘எங்கே கண்டோம்?’னு எழுதியிருக்காங்க. நானும் தேடினேன். மேல ஒண்ணுமே இல்ல!”

“அட!”

“கைடுலயும் அதே வரிதான். போன செமஸ்டர்ல அதை மனப்பாடம் பண்ணி, பதிலோட முதல் வரியே ‘மேலே கண்டபடி’ன்னு ஆரம்பிச்சேன்.”

இருவரும் சிரித்த சிரிப்பில் பல்லாவரம் வந்து போனது.

“இப்ப எது எழுதினாலும் அந்தக் கேள்விதான் காதுல கேக்குது. பதில் இருந்தாத்தான் எழுதறேன். இந்தத் தடவை மேடம் என் கட்டுரையைக் கிளாஸ்ல படிச்சுக் காட்டினாங்க.”

தோழி புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள்.

“ஏய், இந்தக் கேள்வி தப்புடி. பதில் அடுத்த பக்கத்துலயே இருக்கே.”

கண்ணாடிக்காரி பென்சிலை நீட்டினாள்.

“அதையும் பக்கத்துல எழுதிடு. அடுத்து வாங்கறவங்க உனக்கும் ஒரு கும்பிடு போடட்டும்.”