கருப்பு வெள்ளைப் படத்தில் ஒரு மாம்பழக் கலர்

ஆரணியிலிருந்து வந்தவாசி போகும் பேருந்தில், என் பின்சீட்டுப் பெரியவர் திடீரென்று குரல் உயர்த்தினார்.

"கருப்பு வெள்ளைப் படம்னா, கட்டியிருந்த புடவைக்குக் கலரே இல்லாம பூடுமா?"

பக்கத்தில் அவர் மனைவி. இருவரும் பட்டு நெய்பவர்கள். அறுபதாம் கல்யாணத்துக்கு முதன்முறையாகத் தங்களுக்கென்று ஒரு புடவை நெய்யப் போகிறார்கள். கல்யாணமான புதிதில் சேர்ந்து பார்த்த படத்தின் கடைசிப் பாட்டில் கதாநாயகி கட்டியிருந்த அதே புடவையாம்.

"கிளிப்பச்சைங்க. நேத்து டிவியில போட்டான், நல்லா பாத்தேன்."

"டிவியில சாம்பலாத்தான தெரியும்? அது மாம்பழக் கலரு, அரக்கு பார்டரு. தறியில ஒக்கார்றவன் கண்ணு ஏமாறுமா?"

"நான் மட்டும் எங்க ஒக்காந்துகினு கீறேன்?"

பெரியவரின் கைபேசி அடித்தது.

"சாயம் போடறவருதான். நூலை நனைச்சி வெச்சிகினு கலர் கேக்குறாரு. பேஜார் பண்ணாத, ஜல்தி சொல்லு."

"இருங்க. அன்னைக்கு தியேட்டருக்கு நான் இன்னா புடவை கட்டிகினு வந்தேன்?"

"அது யாருக்கு ஞாபகம் கீது?"

"மாம்பழக் கலரு. அரக்கு பார்டரு."

கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

"அப்ப நீங்க படம் பாக்கவே இல்ல!" அந்த அம்மா சிரிப்பை அடக்கமுடியாமல் கைபேசியைப் பிடுங்கினார். "அண்ணே, அவரு சொன்ன மாம்பழக் கலரே போட்டுடுங்க!"