அறுபத்தாறு புள்ளி மூணு

இந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை, சார். நீங்க எழுதும்போதெல்லாம் ஆடுது. ஒரு காகிதத்தை நாலா மடிச்சுக் குடுங்க, அடியில வெச்சுடறேன். இப்ப எழுதிப் பாருங்க. ஆடலைல்ல?

டீயை மூடி வெச்சுக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆவி வர்றதைப் பாத்துட்டு உக்கார இப்பல்லாம் என்னால முடியல. வீட்டுல கூட பச்சைத் தண்ணிலதான் குளிக்கறேன்.

என் வேலை என்னன்னு கேட்டீங்க. மல்யுத்த டீம்ல நான் பயிற்சிப் பார்ட்னர். அதாவது, போட்டிக்குப் போறவன் தூக்கிப் போட்டுப் பழக ஒரு ஆள் வேணும்ல, அந்த ஆள். ஒன்பது வருஷமா மாப்ள என்னைத் தூக்கிப் போட்டான், நான் எந்திரிச்சு நின்னேன். மாப்ளன்னா என் தங்கச்சி புருஷன். அந்தக் கல்யாணத்தைப் பேசி முடிச்சதே நான்தான். ஒரே பயிற்சிக் கூடத்துல வளந்தவங்க, ஒரே எடைப் பிரிவு, அறுபத்தஞ்சு கிலோ. ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டுல இருந்து ஒருத்தன்தான் போக முடியும். தேர்வுப் போட்டில மூணு தடவை அவன்கிட்டயே தோத்தேன். மூணு தடவையும் கை குடுத்துத் தூக்கி விட்டு, "அடுத்த தடவை உனக்குத்தான் மச்சான்"னு சொன்னான். மனசாரத்தான் சொன்னான். நல்லவன் சார். அதுல எனக்கு என்னைக்கும் சந்தேகம் வந்ததில்ல.

இந்தத் தடவை உலகச் சாம்பியன்ஷிப். கிளம்பறதுக்கு மாசம் ஒண்ணு இருக்கும்போது அவனுக்குக் கழுத்துல அடி. டாக்டர் வீட்டுல வெச்சே சொல்லிட்டார், இன்னொரு தடவை தலைகுப்புற விழுந்தா கை கால் வராதுன்னு. இது எங்க மூணு பேருக்குத்தான் தெரியும். கோச்சுக்குத் தெரியாது. தங்கச்சி அஞ்சு மாசம் முழுகாம இருந்தா. ஏர்போர்ட்ல என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு, "அண்ணா, எப்படியாவது அவரை மல்யுத்த மேட்ல ஏற விடாம பண்ணு. உனக்குப் புண்ணியமாப் போகும்"னு அழுதா.

எதுக்காகப் பண்ணினேன்னு இனி வேற எங்கயும் தேட வேண்டாம். அவ கேட்டா, நான் பண்ணினேன்.

கோச்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு நீங்க காலையில கேட்டீங்க. சொல்லியிருக்கலாம். ஆனா மாப்ளகிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன், வாயத் திறக்க மாட்டேன்னு. நான் வாக்கு மாறாதவன்.

டீமோட எடை மெஷின் என் பொறுப்பு. வெளியூர் போனா அதுக்கு மறுபடி எடை காட்டிப் பழக்கணும். இருபது கிலோவை மேல வெச்சு, இதுதான் இருபதுன்னு ஒரு பட்டனை அமுக்கணும், அவ்வளவுதான். பாவம், நாம சொல்றத அப்படியே நம்பிக்கும். ஹோட்டல் ஜிம்ல இருபதுன்னு பொறிச்ச இரும்புத் தட்டு நாலு இருந்துச்சு. நாலையும் முதல்ல எடை போட்டேன். மூணு சரியா இருந்துச்சு. ஒண்ணு மட்டும் பத்தொன்பது கிலோ அறுநூறு. அந்தத் தட்டை எடுத்து மெஷின் மேல வெச்சு, பட்டனை அமுக்கினேன். அதுக்கப்புறம் அந்த மெஷின்ல எங்க எடைல இருக்கற யார் ஏறினாலும் கிலோ ஒண்ணே கால் கூடத்தான் காட்டும். காலியா இருந்தா சரியா பூஜ்யம் காட்டும். அதனால யாருக்கும் சந்தேகம் வராது.

போட்டிக்கு முந்தின நாள் காலையில எட்டு மணிக்கு மாப்ள ஏறினான். நாலு நாளா அரைவயித்துச் சாப்பாடு, முந்தின நாள்ல இருந்து தண்ணி கூட இல்ல. அறுபத்தாறு புள்ளி மூணு. அவன் முகம் தொங்கிப் போச்சு. உண்மையில அவன் அப்ப அறுபத்தஞ்சுல இருந்தான், சார். வேலை முடிஞ்சிருந்துச்சு. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் படுத்திருக்கலாம்.

"ஸ்டேடியத்து மெஷின்ல ஒரு தடவை ஏறிப் பாத்துடவா மச்சான்?"ன்னான்.

"நேத்துதான் ரெண்டையும் ஒத்துப் பாத்தேன். ஒரு கிராம் வித்தியாசமில்ல. போய் வர ஒரு மணி நேரம் வீண்."

"நீ பாத்தா சரி"ன்னான்.

அந்த மூணு வார்த்தைதான் இப்பவும் என்னை உக்கார விடாது. பல் விளக்கும்போது கேக்குது. யாராவது பஸ்ல சில்லறை எண்ணிக் குடுத்தா கேக்குது.

கோச் விதிமுறைக் கூட்டத்துக்குப் போயிட்டார். வேர்க்க வெச்சு எடையை இறக்க, நாங்க ரெண்டு பேரும் ஹோட்டலுக்கு அடியில இருந்த நீராவி அறைக்குப் போனோம். உடம்பு முழுக்க பிளாஸ்டிக் உடை, அதுக்கு மேல ஸ்வெட்டர். பத்து நிமிஷம் உள்ள, ரெண்டு நிமிஷம் வெளிய. வெளிய வந்ததும் துடைச்சுட்டு மெஷின்ல ஏறுவான், கண்ணைத் திறக்க மாட்டான்.

"எவ்ளோ?"

"அறுபத்தஞ்சு எட்டு."

"சரி, இன்னொரு ரவுண்டு போறேன்."

என் கணக்கு என்னன்னா, பதினொரு மணிக்குள்ள அவனே முடியலன்னு கையை விரிச்சுடுவான். அதிகாரிங்க எடை பாக்கறது மறுநாள் காலையில, ஆனா அவனுக்குப் பதிலா வேற ஆள் பேரை மாத்தறதுக்கு அன்னைக்குப் பன்னெண்டு மணி வரைக்கும்தான் நேரம் குடுத்திருந்தாங்க. கழுத்து தப்பிச்சுடும், தங்கச்சி நிம்மதியா இருப்பா. அவன் பிடிவாதத்தை நான் சரியா எடை போடல. என்மேல தப்புன்னா அது ஒண்ணுதான்.

பதினொண்ணுக்கு மெஷின் அறுபத்தஞ்சு புள்ளி ஒண்ணு காட்டுச்சு. அவனுக்கு வேர்வை நின்னு போயிருந்துச்சு. தோல் காஞ்சு, காகிதம் மாதிரி சூடா இருந்துச்சு. அப்படி ஆனா என்னன்னு எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும்.

"விட்டுடு மாப்ள. பேரை மாத்திக்கலாம்"னேன்.

அவன் சிரிச்சான். உதடு வெடிச்சு ரத்தம் வந்துச்சு. "உன் தங்கச்சி சொல்லி அனுப்பினாளா? நூறு கிராம்தானே மச்சான். அவ வயித்துல இருக்கறதுக்கு அப்பன் யாருன்னு காட்ட வேணாமா?"

உள்ள போனான். கதவை நான்தான் சாத்தினேன். ஆவி வெளிய போகக் கூடாதுல்ல.

கண்ணாடிக் கதவு அது. கொஞ்ச நேரத்துல உள்பக்கமா ஒரு கை வந்து பதிஞ்சுது. அஞ்சு விரலும் தெளிவா தெரிஞ்சுது. தட்டல, கூப்பிடல. மெதுவா கீழ வழுக்கிட்டுப் போச்சு. நான் சுவர்க் கடியாரத்தைப் பாத்தேன். பதினொண்ணு பத்து. எவ்வளவு நேரம் நின்னேன்னு கேட்டா நாலு நிமிஷம்னு சொல்லுவேன், ஏன்னா திறக்கும்போது பதினொண்ணு பதினாலு. அந்த நாலு நிமிஷம் நான் எதையும் நினைக்கல, சார். சத்தியமா எதையும் நினைக்கல.

அப்புறம் எல்லாரும் பண்றதத்தான் பண்ணினேன். இழுத்துப் போட்டேன், கத்தினேன், தண்ணி தெளிச்சேன். ஆம்புலன்ஸ் வந்துச்சு, கோச்சும் ஓடி வந்து அதுல ஏறிக்கிட்டார். இன்னொருத்தருக்கு இடமில்லைன்னாங்க. நான் டாக்ஸி பிடிச்சு ஸ்டேடியத்துக்குப் போனேன். யாராவது போய்த்தானே ஆகணும், பேர் விஷயம் இருக்கே. பதினொண்ணு அம்பதுக்குப் பதிவு மேஜைல ஆள் மாத்தற தாளைக் குடுத்தேன். அவசரத்துக்கு இருக்கட்டும்னு கோச் ஏற்கனவே கையெழுத்துப் போட்டு வெச்சிருந்த தாள். பேர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. பன்னெண்டு பத்துக்கு ஆஸ்பத்திரில இருந்து போன் வந்துச்சு.

கோச் அழுதுக்கிட்டே, "அவனுக்காக நீ ஏறுடா"ன்னார். மறுநாள் காலையில அதிகாரிங்க மெஷின்ல ஏறினேன். அறுபத்துநாலு புள்ளி ஒன்பது. கைல கறுப்புப் பட்டை கட்டிக்கிட்டு மேட்ல நின்னேன். மொத்தக் கூட்டமும் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. முதல் சுத்துல ஜெயிச்சேன், ரெண்டாவதுல தோத்தேன். சந்தோஷமா இருந்தேனான்னு கேட்டா, ஒளிக்க மாட்டேன், ஜெயிச்ச அந்த ஆறு நிமிஷம் இருந்தேன். ஒன்பது வருஷத்துல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, சார். அன்னைக்கு ஒலிபெருக்கில கூப்பிட்டாங்க.

நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு எனக்குத் தெரியும். பிணவறைத் தராசு. அதுல அவன் அறுபத்துமூணு எட்டு. நம்ம மெஷின்ல கடைசியா அறுபத்தஞ்சு ஒண்ணுன்னு என் கைப்பட எழுதி வெச்சிருந்தேன். செத்தவனுக்கு எடை குறையாதுன்னு அங்க இருந்த யாருக்கோ உறைச்சிருக்கு. அதனாலதான் நானும் இழுக்காம எல்லாத்தையும் சொல்லிட்டேன். தட்டை வெச்சது நான். கதவைச் சாத்தினது நான். எழுதிக்கோங்க.

தங்கச்சிக்குப் பையன் பொறந்துட்டான். ஆஸ்பத்திரில குழந்தையத் தராசுல கிடத்தினாங்க, நான் வெளிய வந்துட்டேன். அவ எல்லாத்தையும் தாங்கிட்டா. காரியமெல்லாம் முடிஞ்ச அன்னைக்கு என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. போட்டிக்குக் கிளம்பும்போது அவதான் என் பேண்ட் இடுப்பைப் பிரிச்சுத் தெச்சுக் குடுத்திருந்தா, நான் எழுபத்தொண்ணுல இருந்தேன். பார்ட்னருக்கு எடை எவ்வளவு இருந்தா என்ன, யார் கேக்கப் போறா. டிவில என்னை மேட்ல பாத்திருக்கா.

"அண்ணா, நீ எப்ப இளைச்ச?"ன்னு கேட்டா.

அவன் போன துக்கத்துலம்மான்னு சொன்னேன். அவ பொறக்கப் போற குழந்தைக்குச் சேத்து வெச்சிருந்த துணிய மடிச்சுட்டே இருந்தா. அதுக்கப்புறம் என்னை அவ வீட்டுக்குள்ள விடல.

ஒரே நாள்ல ஆறு கிலோ, சார். துக்கம்னா அவ்வளவு எடுத்துடும். நீங்க மல்யுத்தம் பண்ணினதில்ல, உங்களுக்குத் தெரியாது. அதையும் நான் சொன்ன மாதிரியே எழுதிக்கோங்க.