பதினோராம் பக்கத்து வரி

மணலியில் வெள்ளைச் சட்டை வாங்குவது வீண், ஐயா. கொடியில் காயப்போட்டு எடுப்பதற்குள் பழுப்பேறிவிடும். என்னிடம் ஒன்று இருக்கிறது. கம்பெனியில் போட்டோ எடுக்கிறோம் என்று சொன்னபோது வாங்கியது. ஒரே தடவைதான் போட்டேன். அந்தப் போட்டோ இன்னமும் கேட் பக்கத்துப் பலகையில் இருக்கிறது. நீங்கள் உள்ளே வரும்போது பார்த்திருப்பீர்கள்.

உங்கள் விசாரணை அறிக்கையில் பதினோராம் பக்கத்தில் ஒரு வரி தப்பு. அதைச் சரிசெய்யத்தான் இதை எழுதுகிறேன். மற்றபடி யார்மேலும் எனக்குக் கோபம் கிடையாது.

என் பெயர் ரகுபதி. வயது ஐம்பத்தொன்று. வீடு திருவொற்றியூர். எண்ணெய்த் தொட்டி கழுவும் கான்ட்ராக்ட் வேலையில் இருபத்திரண்டு வருஷம். தொட்டியின் மேலே ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வட்ட வாய் இருக்கும். ஒருத்தன் அதில் இறங்கிக் கசடு வாருவான். ஒருத்தன் வாய்ப்பக்கம் காவல் நிற்பான். காவல் நிற்பவன் பர்மிட் தாளில் எழுத வேண்டும், புளோயர் காற்று உள்ளே போகிறதா, விஷவாயு பார்த்தாயிற்றா என்று. அதனால் எழுத்துத் தெரிந்தவன் வெளியே, தெரியாதவன் உள்ளே. பதினேழு வருஷம் நான் உள்ளே இருந்தேன். நாற்பத்தாறு வயதில் தண்டையார்பேட்டை சங்க ஆபீஸ் மாடியில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டு வெளியே வந்தேன். பர்மிட் தாளுக்கு வேண்டியது ஒரே வார்த்தைதான், 'ஆம்'.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மீட்புப் பயிற்சிக்கென்று அந்தக் கண்ணாடி வந்தது. கண்ணை முழுக்க மூடிக்கொள்ளும். கையில் ஆளுக்கு இரண்டு பிடி கொடுப்பார்கள். மாட்டிக்கொண்டால் சினிமா மாதிரி தொட்டி தெரியும், நாம் அதன்மேல் நிற்போம். கீழே ஒருத்தன் வேலை செய்துகொண்டிருப்பான். பத்தாவது நிமிஷம் இருமுவான், சுவரைப் பிடிப்பான், மெதுவாகச் சாய்வான். நாம் சைரன் அழுத்தி, வாய்மேல் நிற்கும் முக்காலியிலிருந்து கயிற்றை இறக்கி, அவன் முதுகுப் பெல்ட்டில் உள்ள வளையத்தைக் குறிபார்த்து, பிடியில் விரலை அழுத்த வேண்டும். கிளிக் என்று கொக்கி மாட்டிக்கொள்ளும். சக்கரம் சுற்றினால் மேலே வந்து, எழுந்து உட்கார்ந்து நம்மைப் பார்ப்பான். பச்சை விளக்கு எரியும். நாமே உள்ளே இறங்கினால் சிவப்பு, தோற்றதாகக் கணக்கு.

சொல்லிக்கொடுத்தது சைமா என்கிற பெண். ராயபுரத்துப் பெண்தான். ஒருநாள் என் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கை தட்டினாள்.

"அங்கிள், மூணு நிமிஷம் நாப்பது செகண்டுல தூக்கிட்டீங்க. இந்த பிளான்ட்ல யாருமே இல்ல அங்கிள் உங்க அளவுக்கு."

என் வயதுக்கு எனக்காக யாரும் கை தட்டியதில்லை. கேட் பலகையில் போட்டோ மாட்டியதும் அதற்காகத்தான். அதன்பிறகு சாப்பாட்டு நேரத்திலும் போனேன். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு தடவை. ஒருத்தனைக்கூட நான் விட்டதில்லை.

பொன்ராஜ் கேலி பண்ணுவான். அவன் மணலி புதுநகரில் இருந்து வருவான், முப்பத்திரண்டு வயது. அதற்கு முன்னால் கடலுக்குப் போனவன்.

"இன்னா நைனா, சோறு துன்னாம சினிமா பாத்துகினு கீறியா? உள்ள வூய்றவனுக்கு மூஞ்சியாவது கீதா?"

"மூக்கு மட்டும் இருக்குடா."

"அப்ப என்ன மாரி அழகன் இல்ல. அதான் போனா போவுதுன்னு தூக்கி வுடுற."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்னால் நான் செய்தது அந்தக் கேலிக்காக இல்லை.

போன தை மாதம் சூப்பர்வைசர் மனோகரன் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து வாய்ப்பக்கம் ஆள் வேண்டாம். கேமராவும் வாயு பார்க்கிற பெட்டியும் வைப்பார்கள். ஆபத்தென்றால் அது தானே கத்தும். எங்கேயோ வேறு ஊரில் ஒருத்தர் உட்கார்ந்துகொண்டு நாற்பது தொட்டியைப் பார்ப்பார். காவல் நிற்கிறவர்கள் மறுபடியும் உள்ளே இறங்க வேண்டியதுதான்.

"நான் கண்ணாடியில நூறு தடவைக்கு மேல செஞ்சுக்கீறேன் சார்," என்றேன்.

"அத வெச்சுதான்யா அந்தப் பெட்டிக்கே சொல்லிக் குடுத்துக்கீறாங்க. நீ எங்க பாத்த, எப்ப திரும்புன, எல்லாம் அதுக்குள்ள கீது. பெருமப்படு."

அன்று ராத்திரி நான் நன்றாகவே தூங்கினேன். யோசித்தது பகலில்தான். பெட்டி கத்தும், சரி. கயிறு இறக்குமா? சக்கரம் சுற்றுமா? ஒரு மனுஷன் நின்றால்தான் இன்னொரு மனுஷன் மேலே வருவான் என்று எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டால், வேலை போகாது. என் வேலை மட்டுமல்ல, காவல் நிற்கிற ஒன்பது பேர் வேலையும்.

அப்படித் தூக்கிக் காட்டப் பொன்ராஜைத் தேர்ந்தெடுத்தது நல்ல எண்ணத்தில்தான். ஐம்பத்திரண்டு கிலோ. தூக்குவது சுலபம். கடலில் மூச்சடக்கிப் பழகியவன். இதையெல்லாம் யோசித்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. இறங்குவதற்கு முன்னால் போனை என்னிடம் கொடுத்தான்.

"வூட்லேந்து மோகனா அடிச்சா, சாப்ட்டேன்னு சொல்லு நைனா. இல்லாங்காட்டி பேஜாரு பண்ணும்."

பெல்ட் போட்டிருந்தான். கயிற்றை மட்டும் கழற்றிவிட்டான், காலில் சுற்றுகிறது என்று. எல்லோரும் அப்படித்தான், அது எனக்குத் தெரியும். பர்மிட் தாளில் இரண்டு இடத்திலும் 'ஆம்' எழுதினேன். பிறகு புளோயர் பிளக்கைப் பிடுங்கினேன்.

சத்தம் நின்றதும் அண்ணாந்து பார்த்தான். "இன்னா நைனா, காத்து நின்னுபோச்சு?"

"லைன் மாத்துறாங்க. வந்துடும், நீ வாரு."

"நீ கீற இல்ல? அப்ப சரி." குனிந்து மறுபடி கசடைக் கிளற ஆரம்பித்தான்.

பத்து நிமிஷம் ஆகும் என்று கணக்கு வைத்திருந்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் இருமவில்லை. சுவரைப் பிடிக்கவில்லை. மூட்டை சரிகிற மாதிரி அப்படியே விழுந்தான்.

நான் பதறவில்லை. சைரன் அழுத்தவில்லை. அழுத்தினால் நாலு பக்கமிருந்தும் ஆட்கள் ஓடிவருவார்கள். காப்பாற்றியது யார் என்றே தெரியாமல் போகும். பயிற்சியில் சொன்னதில் நான் விட்டது அது ஒன்றுதான். கயிற்றை நேராக இறக்கினேன். கொக்கி அவன் முதுகுக்கு ஒரு ஜாண் மேலே நின்றது. வளையத்தைக் குறிபார்த்து விரலை அழுத்தினேன்.

மறுபடி அழுத்தினேன். என் கையில் பிடி இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. காற்றில் அழுத்திக்கொண்டிருந்தேன். கொக்கி ஆடிக்கொண்டே இருந்தது. கயிற்றை ஆட்டி ஆட்டி வளையத்தில் விழவைக்கப் பார்த்தேன். உள்ளே இறங்கக் கூடாது. இறங்கினால் சிவப்பு விளக்கு எரிந்துவிடும்.

அப்போது போன் அடித்தது. எடுத்தேன்.

"அண்ணா, அது சாப்ட்டுச்சா?"

"சாப்ட்டான்மா," என்றேன். சொல்லச் சொன்னதைத்தானே சொன்னேன்.

அதன்பிறகு பிளக்கை மாட்டிவிட்டு சைரன் அழுத்தினேன். பதினான்கு நிமிஷம் ஆகியிருந்தது. ஆட்கள் முகமூடி போட்டு இறங்கி அவனைத் தூக்கி வந்து, முக்காலிக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். அவன் எழுந்து உட்காருவான் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் மனைவி மோகனப்ரியா ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. கயிறு உராய்ந்து என் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "இன்னா பாடு பட்டுக்கீற அண்ணா அதுக்காண்டி," என்றது. நான் மறுக்கவில்லை. பாடு பட்டது உண்மைதான்.

புளோயர் பழுதாகி நின்றிருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் அப்படியே விட்டிருப்பேன். பதினோராம் பக்கத்தில்தான், "காவல் நின்ற தொழிலாளிக்கு மீட்புப் பயிற்சி போதவில்லை" என்று இருக்கிறது. எழுத்துக் கூட்டி மூன்று தடவை படித்தேன். பலகையிலிருந்து என் போட்டோவை எடுக்கப் போகிறார்களாம். பிளக்கைப் பிடுங்கியது நான். சைரனை நிறுத்திவைத்தது நான். எல்லாம் நான்தான், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

நம்பிக்கை இல்லையென்றால் சைமாவிடம் சொல்லி அந்தக் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஐயா. பொன்ராஜை உங்கள் கண் முன்னாலேயே தூக்கி உட்காரவைத்துக் காட்டுகிறேன்.